கல்பாலத்துக்கு வந்த அம்மணி

செந்தூர்பாண்டிக்குக் காரை எலும்பு முறிந்தது மார்கழி பிறந்த மூன்றாம் நாள். கடையில் மேல்தட்டிலிருந்த நல்லெண்ணெய் டின்னை இறக்க ஸ்டூலில் ஏறியவர், எண்ணெய் சிந்தாமல் டின்னை மார்போடு அணைத்தபடியே விழுந்தார். வலது கையை மடக்கிக் கழுத்தோடு கட்டி, ஆறு வாரத்துக்கு அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கடையைச் சண்முகத்தாய் பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளையூரணியில் அந்தப் பலசரக்குக் கடையைப் புருஷனும் பெண்டாட்டியுமாக இருபத்தோரு வருஷமாக நடத்துகிறார்கள். மூட்டை இறக்குவதிலிருந்து பொட்டலம் கட்டுவதுவரை அவளுக்குத் தெரியாத வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமையைத்தான் அவளால் சமாளிக்க முடியவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு விடிவதற்குள் செந்தூர்பாண்டி வீட்டில் இருக்க மாட்டார். நாலு மணிக்கே தூண்டில் கம்பும் வாளியுமாகக் கடற்கரைக் கல்பாலத்துக்குப் போய்விடுவார். எட்டு மணிக்குத் திரும்பும்போது வாளியில் சில நாள் நாலு மீன் கிடக்கும், பல நாள் கவிச்சி மட்டும்தான் கிடக்கும். "மார்க்கெட்ல குவிஞ்சு கெடக்க மீனுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்று அவள் கேட்டால் சிரிப்பார். அதற்கு மேல் அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இப்போது கை கட்டோடு மூன்றரை மணிக்கே எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். வெளிச்சம் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான்கு ஞாயிறு இப்படியே போயிற்று. பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை சண்முகத்தாய்க்குப் பொறுக்கவில்லை. லைட்டைப் போட்டாள்.

"எழும்புங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க? இந்தக் கைய வச்சிக்கிட்டு என்னத்தப் போட?"

"எனக்கு ரெண்டு கையி இருக்குல்லா? எப்படிப் போடணும்னு சொல்லுங்க. நான் போடுதேன்."

அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு சட்டையைத் தேட ஆரம்பித்தார்.

ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். பின்னால் அவர் இடது கையில் கம்பைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு கொடி மரம் போல உட்கார்ந்திருந்தார். பனி முகத்தில் அடித்தது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வாழ்ந்தும் விடியுமுன் அதை அவள் பார்த்ததே இல்லை. கடல் என்றால் அவளுக்குத் திருச்செந்தூர்தான். கோயிலுக்குள் போகுமுன் மூன்று முறை முங்கி எழுகிற தண்ணீர்.

கல்பாலத்தில் அவள் எதிர்பார்த்தது பத்துப் பதினைந்து வேலையற்ற ஆண்களை. அங்கே எண்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். கடலுக்குள் நீண்டு கிடந்த அந்தப் பழைய கல் மேடையின் இரண்டு ஓரத்திலும் தோளோடு தோள் உரச வரிசையாக ஆட்கள். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர்கள், உப்பளத்துக்காரர்கள், வங்கியில் வேலை பார்க்கிறவர், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்ட ஒரு தகப்பன். அத்தனை பேர் நின்றும் இரைச்சலே இல்லை. ரீல் சுற்றும் சத்தமும், ஈயக்குண்டு தண்ணீரில் விழும் 'டொப்'பும், சைக்கிளில் டீ கொண்டுவந்தவரின் டம்ளர் சத்தமும்தான் கேட்டன. தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள், கடலுக்கு நடுவே ஓர் ஊர் இருப்பது போலத் தெரிந்தன.

"அண்ணாச்சி வந்தாச்சா! கை எப்படி இருக்கு?" என்று ஒரு குரல் கேட்டது. தண்ணீருக்குள் இறங்கும் கல்படிக்குப் பக்கத்தில் நின்ற பெரிய உருவம். விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கிற மரியான் என்று செந்தூர்பாண்டி சொன்னார். நான்கு வாரமாக வராதவருக்கு அந்த நெரிசலிலும் அவர் இடத்தை யாரும் எடுக்கவில்லை. மரியானுக்கும், நாசரேத்துக்காரரான விளையாட்டு வாத்தியார் பர்னபாஸுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. சண்முகத்தாய்க்கு என்னவோ போல் இருந்தது. இத்தனை பேர் தன் புருஷனுக்காக இடம் விட்டு நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

முதல் வீச்சு அவள் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது பர்னபாஸ் சாரின் தூண்டில் நரம்போடு போய்ப் பின்னிக்கொண்டது. "பரவாயில்லம்மா, எல்லாருக்கும் இதுதான்" என்று அவர் சிக்கெடுக்கக் குனிவதற்குள் சண்முகத்தாய் இரண்டு நரம்பையும் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டாள். பொட்டலம் கட்டுகிற சணல் நூலில் விழாத சிக்கா?

மூன்றாவது வீச்சு போய்ச் சேர்ந்தது. "அப்படித்தான். இப்ப சும்மா நில்லு" என்றார் செந்தூர்பாண்டி.

"எவ்வளவு நேரம்?"

"அது அதுக்குத்தான் தெரியும்."

அவள் நின்றாள். கடையில் ஒரு நிமிஷம் சும்மா நின்ற ஞாபகம் அவளுக்கு இல்லை. கிழக்கே வானம் முதலில் சாம்பல் நிறமாகி, அப்புறம் கழுவிய ஈயப் பாத்திரத்தின் உட்புறம் போல வெளுத்தது. தண்ணீருக்கும் வானத்துக்கும் இடையே கோடு தெரியவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். செந்தூர்பாண்டி கடலைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கீச்சான் மாட்டியது. விரல் நீளம்தான். அதற்கே அவள் சிறுபிள்ளை போலச் சத்தம் போட, வரிசையில் நாலைந்து பேர் திரும்பிச் சிரித்தார்கள்.

அதன் பிறகுதான் சாளை மீன்கள் துள்ள ஆரம்பித்தன.

முதலில் தொலைவில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். சாளைக் கூட்டம் தண்ணீருக்கு மேலே எம்பி எம்பி விழுந்து பாலத்தை நோக்கி வந்தது. "பாறை மீன் விரட்டுது போல" என்றார் பர்னபாஸ். எல்லோரும் அவசர அவசரமாகத் தூண்டிலை அந்தப் பக்கம் திருப்பினார்கள். சண்முகத்தாயும் வீசினாள். அப்போது சாளைக்கூட்டத்துக்குப் பின்னால் தண்ணீர் கறுத்தது. மேக நிழல் என்று நினைத்தாள். சூரியனே வரவில்லையே, நிழல் எங்கிருந்து வரும் என்று அடுத்த நொடி உறைத்தது.

மரியான் கம்பைக் கீழே போட்டார். "மாதாவே" என்றார், முணுமுணுப்பாக. பிறகு பாலமே அதிரும்படி, "அம்மணி! அம்மணி உழுவைலே! தூண்டில எடுங்க! எல்லாரும் எடுங்க!" என்று கத்தினார்.

எண்பது ரீல்களும் ஒரே நேரத்தில் சுற்றுகிற சத்தம் எழுந்தது. திமிங்கலச் சுறாவுக்கு அந்தக் கடற்கரையில் அதுதான் பெயர்; யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நரம்புகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரை விட்டு மேலே வந்தன. சண்முகத்தாயுடையது மட்டும் வரவில்லை. பதற்றத்தில் ரீலை எந்தப் பக்கம் சுற்றுவது என்று குழம்பி, நரம்பை மேலும் மேலும் தளர்த்திவிட்டாள்.

"மாத்திச் சுத்து, தாயி! மாத்திச் சுத்து!" என்று செந்தூர்பாண்டி இடது கையை நீட்டினார். அதற்குள் அது பாலத்தோரம் வந்துவிட்டது.

முதலில் வந்தது வாய். கல்யாண வீட்டு அண்டா அகலத்துக்குத் திறந்த வாய், தண்ணீர் மட்டத்தில் மெதுவாக நகர்ந்து வந்தது. சாளைக் குஞ்சும் கூனி இறாலும் கடலோடு சேர்ந்து அதற்குள் போய்க்கொண்டிருந்தன. பிறகு தலை. பிறகு முதுகு. முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், மாக்கோலத்துக்கு வைத்தது போல வரிசை தப்பாத புள்ளிகள். முதுகு முடிவதாகக் காணோம். பாலத்தில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்க்க, அது அவர்களைக் கடந்து வந்துகொண்டே இருந்தது.

தளர்ந்து மிதந்த அவள் நரம்பு, முதுகில் துடுப்பு போல நின்ற செட்டையில் சுற்றிக்கொண்டது. கம்பு விண்ணென்று இழுபட்டது. மீன் படிக்கட்டுக்கு நேராக வந்து நின்றுவிட்டது.

"அறுத்து விடுங்கக்கா!" என்று யாரோ கத்தினார்கள்.

"அறுக்காதிய!" என்றார் மரியான். "அறுத்தா நரம்பு அது மேலயே கெடக்கும். நாளாவ நாளாவ செட்டைய அறுத்து உள்ள எறங்கிரும். நான் போயி எடுக்கேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சண்முகத்தாய் கம்பைப் பர்னபாஸ் சார் கையில் திணித்து, "இறுக்காம பிடிச்சிக்கிடுங்க சார்" என்றபடி படியில் இறங்கியிருந்தாள். அவளுடைய தூண்டில். அவள் போட்ட சிக்கு. அதை இன்னொருத்தர் எடுக்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

படியில் பாசி வழுக்கியது. மூன்றாவது படியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, ஐந்தாவதில் இடுப்புக்கு. பின்னாலேயே இறங்கிய மரியான் அவள் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கடிக்குமா அண்ணே?"

"பல்லு எள்ளு மாதிரிதான் இருக்கும். ஒண்ணும் செய்யாது. வால் ஆடுனா மட்டும் நாம ரெண்டு பேரும் மேல போய்ச் சேந்திருவோம்."

அவள் தலையைத் திருப்பியபோது அதன் கண் தெரிந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு ஓர் எலுமிச்சங்காய் அளவு கண். அது அவளைப் பார்த்தது. ஒரு தரம் குழிக்குள் உள்வாங்கி மறைந்து, மறுபடி வெளியே வந்து பார்த்தது. சண்முகத்தாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமாக இருந்தால் கால் பின்வாங்கியிருக்கும், கால் அசையவில்லை. கர்ப்பக்கிருகத்துத் திரை விலகுகிற நொடியில் வருமே, அப்படி ஒரு சிலிர்ப்பு.

கையை நீட்டினாள். செட்டை அவள் தோள் உயரத்துக்கு நின்றது. தொட்டால் வழுவழுவென்று இருக்கும் என்று நினைத்தாள். உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருந்தது. அந்தத் தோலுக்கு அடியில், மிக ஆழத்தில், ஏதோ மெதுவாகப் புரண்டது. ஒரு பெரிய வீட்டின் கதவைத் தொட்டு, உள்ளே ஆட்கள் நடமாடுவதை உணர்கிற மாதிரி. நரம்பு இரண்டு சுற்றுச் சுற்றி, கொக்கி நரம்பிலேயே மாட்டியிருந்தது. இழுக்கவில்லை. பெருவிரலால் நெகிழ்த்தி, கொக்கியைக் கழற்றி, முதல் சுற்றை எடுத்தாள். பிறகு இரண்டாவதை எடுத்தாள். அத்தனை நேரமும் அது அசையாமல் நின்றது. அதற்குத் தெரிந்துதான் நின்றதா, இல்லை இவ்வளவு சிறிய விஷயம் அதற்குத் தெரியவே இல்லையா என்பதை அவள் பிற்பாடு எவ்வளவோ யோசித்தும் முடிவு கட்ட முடியவில்லை.

"போ" என்றாள். "போயிட்டு வா."

அது போனது. அவசரமே இல்லாமல், அவள் நீட்டிய உள்ளங்கையை உரசிக்கொண்டு, புள்ளி புள்ளியாக நகர்ந்தது. கடைசியில் வால் வந்தது, ஆள் உயரத்துக்கு. மரியான் அவளைச் சுவரோடு அணைத்து ஒதுக்கினார். ஒரே ஒரு வீச்சு. தண்ணீர் எழும்பி இருவரையும் தலையோடு நனைத்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது கடல் மட்டும்தான் இருந்தது, அதன் மேல் அப்போதுதான் முகம் காட்டிய சூரியன்.

மேலே எண்பது பேர் நின்றார்கள். சிலுவைக் குறி போட்டவர்கள் இருந்தார்கள், கையெடுத்துக் கும்பிட்டவர்களும் இருந்தார்கள். மாரிச்செல்வம் என்ற உப்பளத்துக்காரர் செல்போனை நீட்டிப் பிடித்தபடியே நின்றார். படம் எடுக்கிற பொத்தானை அழுத்த மறந்துபோனது பிறகுதான் தெரிந்தது. தோளில் தூங்கிய பிள்ளை விழித்து, "அப்பா, அது வீட்டுக்குப் போவுதா?" என்று கேட்டது. வெகுநேரம் ஒருவரும் தூண்டிலைத் தண்ணீரில் போடவில்லை.

படியேறி வந்தவளைச் செந்தூர்பாண்டி இடது கையால் பிடித்துக்கொண்டார். "கிறுக்கு பிடிச்சவளே, விழுந்திருந்தா?"

"நீங்க மட்டும் அந்த டின்ன விட்டியளாக்கும்?"

அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. கண் கலங்கியிருந்தது. தன் துண்டை அவள் தலையில் போட்டார். டீக்காரர் கேட்காமலே ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"இருவத்தியொரு வருசமா இங்கன வாரேன்" என்றார் செந்தூர்பாண்டி, கடலைப் பார்த்து. "தண்ணிக்குள்ள பெருசா என்னமோ இருக்குன்னு எப்பவும் தோணும். பாத்ததில்ல. ஒங்கிட்ட சொன்னா சிரிப்பேன்னு சொல்லல."

"சிரிச்சிருப்பேன்தான்" என்றாள் அவள்.

அன்று கடை திறக்க ஒன்பதரை ஆகிவிட்டது. வாசலில் காத்திருந்த டீச்சர் ஈவாஞ்சலின், நனைந்த தலையோடு வந்தவளைப் பார்த்து என்ன ஏதென்று விசாரித்தாள். சண்முகத்தாய் சொல்லத் தொடங்கினாள். வாய், புள்ளி, கண் என்று சொல்லச் சொல்ல, வார்த்தை ஒவ்வொன்றும் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"எவ்வளவு பெரிசுன்னு சொல்லுதிய? இந்தக் கடை அளவு இருக்குமா?"

சண்முகத்தாய் தெருவில் இறங்கினாள். கடை வாசற்படியில் குதிகாலை வைத்து, எட்டு எட்டாக அளந்து நடந்தாள். பக்கத்துத் தையல்கடை தாண்டியது. சைக்கிள் கடை வாசல் வந்தது. மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனார். மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். டீச்சர் வாயில் கை வைத்தபடி கடைவாசலில் நின்றாள்.

உள்ளேயிருந்து செந்தூர்பாண்டியின் குரல் வந்தது.

"இன்னும் ரெண்டு எட்டு வை, தாயி. வால விட்டுட்ட."