கீழ்வீட்டுக்காரியின் சம்மதம்

இங்கிலாந்தில், வொர்திங் ஊரில் நான் இருக்கும் மாடி ஃபிளாட் என்னுடையது. கட்டடம் என்னுடையது இல்லை. அது கீழ்வீட்டு மிஸஸ் காட்டர்மோலுடையது. நான் காசு கொடுத்து வாங்கியது இத்தனை வருஷத்துக்கு என்று வெறும் குத்தகை. அது முடிந்தால் நான் பெயின்ட் அடித்த கதவுகூட அவளுக்குத்தான். இதைக் கண்டுபிடித்தவன் வக்கீலாகத்தான் இருப்பான்.

முட்டி இரண்டும் போய்விட்டது. ஃபிளாட்டை விற்றுவிட்டுப் போக, படியே இல்லாத சிறிய வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தேன். என் ஃபிளாட்டை வாங்குவதற்கு கெர்ரி என்றொரு நர்ஸ் வந்தாள். அவளுக்குக் கடன் கொடுக்கும் பேங்க், குத்தகையில் பாக்கி வருஷம் போதாது, நீட்டித்துக்கொண்டு வா என்றது. கீழே இருப்பவள் சம்மதித்தால்தான் நீளும்.

எனக்கும் அவளுக்கும் ஆகாது. துடைப்பக் கட்டையால் சீலிங்கை இடித்துத்தான் என்னோடு பேசுவாள். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது எதிரில் பார்த்துவிட்டால் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. அவ்வளவுதான்.

"அவங்ககிட்ட நேரா பேசிடாதீங்க சார், எல்லாம் எழுத்துலதான்" என்றான் என் வக்கீல் டேமியன். அதனால் என் கடிதம் டவுனுக்குப் போய், அவள் வக்கீலிடம் நின்று, நான் ஏறி இறங்கும் அதே வாசலுக்குத் திரும்பி வந்தது. பதிலும் அப்படியே சுற்றி வந்தது: நீட்டிக்க நான் தருவதாக எழுதிய தொகை சரி, மகிழ்ச்சியோடு சம்மதம்.

"மகிழ்ச்சியோடயா? அந்தப் பொம்பளையா?" என்று டேமியனுக்குப் போன் போட்டேன்.

"நல்லதுதானே சார். வந்து கையெழுத்துப் போடுங்க."

"பேரமே பேசலையேப்பா. உள்ள என்னமோ இருக்கு."

"ஒண்ணும் இல்ல சார். முழுசாப் படிச்சுட்டேன்."

"நீ படிச்சியா, உன் டைப்பிஸ்ட் படிச்சாளா?"

நான் கையெழுத்துப் போடவில்லை. கூரை விழப்போகிறதா, அடியில் சாக்கடை ஓடுகிறதா என்று கேட்டு எழுதச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவளிடமிருந்து தேன் சொட்டும் பதில். படித்துவிட்டு இன்னும் இரண்டு கேள்வி எழுதச் சொன்னேன்.

கெர்ரி போன் பண்ணினாள். "மிஸ்டர் டாப்ளி, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலன்னா நான் வேற ஃபிளாட் பாத்துக்கறேன். விக்க இஷ்டமா, இல்லையா?"

வியாழக்கிழமை கைப்பிடியைப் பிடித்து இறங்கிப்போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வாங்க மிஸ்டர் டாப்ளி. டீ குடிக்கிறீங்களா?"

"வேண்டாம். எதுக்கு ஒத்துக்கிட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"ஏதோ என்னால முடிஞ்ச உதவி…"

"உதவியா! என் குழாய் ஒழுகினப்ப நீங்க திட்டினது இன்னும் காதுல இருக்கு."

அவள் கெட்டிலை டொக்கென்று வைத்தாள்.

"கேக்கறீங்களே, கேட்டுக்கோங்க. விடிஞ்சா உங்க ரேடியோ. பொழுது சாஞ்சா உங்க பூட்ஸு. நடுவுல அந்த இருமல், எருமை கத்தற மாதிரி. உங்கள வெளிய அனுப்ப ஒரு வழி வந்தா அதுக்குப் பேரம் பேசுவேனா? சும்மாவே கொடுத்திருப்பேன்! 'மகிழ்ச்சியோட'ன்னு எழுதினது வக்கீல் இல்ல, நான்தான்!"

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இது பத்தலையா உங்களுக்கு?"

போதுமானதாக இருந்தது. இந்த விவகாரத்தில் நான் கேட்ட முதல் உண்மையான பேச்சு அதுதான். உட்கார்ந்து டீ கேட்டு வாங்கிக் குடித்தேன். அவள் போனிலிருந்தே டேமியனைக் கூப்பிட்டு, காலையில் கையெழுத்துப் போட வருகிறேன் என்றேன்.

"திடீர்னு என்ன சார் ஆச்சு?"

"விசாரிச்சுட்டேன்பா. நம்பலாம், நல்ல பொம்பளை."