நம்பர் ஒன் வேண்டாம் என்றவர்

என் புருஷன் ராண்டல் குபேனா, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். நாலாவது கால் முகத்தில் உதைத்தாலும் எண்ணிக்கையை மாற்ற மாட்டார். இந்த டெக்சஸ் ஊரில் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் அணிக்கு அவர்தான் கோச். பேர்தான் ஃபுட்பால், எங்கள் ஆட்டத்தில் முக்கால்வாசி கைவேலை. ஒருவன் எறிவான், ஐந்து பேர் பிடிக்க ஓடுவார்கள். எறிகிறவன் எங்கள் மகன் டால்டன். ஓடுகிற ஐந்து பேரில் டாரியனுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. அவனைத்தான் இந்த மனுஷன் ஆட்டப் பருவத்தின் நடுவில் அணியை விட்டு வெளியே அனுப்பினார்.

சனிக்கிழமை காலையில் முந்தின நாள் ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் பையன்களுக்குக் காட்டுவது இங்கே வழக்கம். அந்த அறையில் கோச் பேசுவார், பையன்கள் 'யெஸ் சார்' சொல்வார்கள். அவ்வளவுதான். அன்றைக்கு டாரியன் கையைத் தூக்கி, "சார், மூணு தடவை ரெண்டு பேரைத் தாண்டி வந்து தனியா நிக்கிறேன். பந்து ஏன் என் பக்கமே வரல?" என்று கேட்டுவிட்டான். பந்து அவன் பக்கம் போகக் கூடாது என்று டால்டனிடம் சொல்லி அனுப்பியதே இவர்தான். டால்டன் எப்படி எறிந்தாலும் டாரியன் பிடித்துவிடுகிறான் என்று ஊர்ப் பத்திரிகை எழுதிய வாரம் அது. மகனுடைய பேரில் பாதியை இன்னொருத்தி பெற்ற பிள்ளை கொண்டுபோவது இவருக்கு வயிற்றெரிச்சல்.

"டீம் சட்டையைக் கழட்டி மேஜைல வை," என்றாராம். "என் டீம்ல நம்பர் ஒன்னுன்னு எவனும் கிடையாது. எவன் தனியா நிக்கிறானோ அவன்தான் நம்பர் ஒன்னு."

"அதைத்தானே சார் நானும் சொன்னேன்," என்றானாம் டாரியன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

இவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒருத்தனையே நம்பினால் எதிராளி அவன் மேல் இரண்டு பேரை ஏவுவான், எறிகிறவனும் அவனையே பார்த்துக்கொண்டிருப்பான், ஐந்து பேரும் சமம் என்றால் யாரைக் காப்பது என்று எதிராளி முழிப்பான் என்பார். நோஞ்சான் அணிகளோடு மோதிய மூன்று ஆட்டத்தில் அப்படித்தான் முழித்தார்கள். மூன்றிலும் ஜெயித்தோம். சர்ச் வாசலில், மாட்டுத்தீவனக் கடையில், பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டுகூட இதையே ஓதினார்.

நாக்-அவுட் சுற்று வந்தது. முதல் ஆட்டத்தில் தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். மறுநாள் டால்டன் சட்டையை மாற்றும்போது கதவைத் திறந்துவிட்டேன். இடது விலா முழுக்கக் கத்தரிக்காய் நிறம். பிள்ளை சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா," என்றான்.

சமையலறைக்கு வந்து இவர் தின்றுகொண்டிருந்த முட்டைத்தட்டைப் பிடுங்கினேன்.

"அவன் உடம்பைப் பார்த்தீங்களா?"

"ஐஸ் வை. பந்தைச் சீக்கிரம் விடணும்னு சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட விடுவான்? ஒருத்தனைப் பாரு, இல்லைன்னா அடுத்தவனைப் பாரு, அவனும் இல்லைன்னா மூணாமவனைப் பாருன்னு நீங்க பாடம் எடுத்திருக்கீங்க. அவன் மூணாமவனைப் பார்க்கிறதுக்குள்ள முந்நூறு பவுண்டு தடியன் மேல விழறான். டாரியன் இருந்தப்ப திரும்பிக்கூடப் பார்க்காம வீசுவான். அதான் இத்தனை நாள் எலும்பு தப்பிச்சுது."

"நீ எப்ப கோச் ஆன?"

"நீங்க அப்பாவா இல்லாம போன அன்னைக்கு."

தட்டை அவரே வாங்கி மீதி முட்டையைத் தின்றார். கல்லுளிமங்கன்.

அன்று மத்தியானமே யோலண்டாவைப் பார்க்கப் போனேன். டாரியனின் அம்மா. நெடுஞ்சாலைப் பக்கத்துப் புகைக்கறிக் கடையில் இறைச்சி வெட்டுகிறாள். சனிக்கிழமைக் கூட்டம் வாசல்வரை நின்றது. என்னைக் கண்டதும் கத்தியை நிறுத்தாமலே பேசினாள்.

"அடடா, கோச் வீட்டம்மா. வரிசையில வாங்க. இங்க எல்லாரும் சமம்."

கடையே சிரித்தது. வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"என்ன வேணும்?"

"டாரியன் திரும்ப வரணும்."

"அது மெனுவுல இல்லையே," என்று பலகையைக் காட்டினாள். "எம்புள்ள சட்டையைக் கழட்டி வச்சுட்டு வந்து கார்ல உக்காந்து அழுதப்ப நீ வரல. பல்கலைக்கழகத்துல இருந்து அவன் ஆட்டத்தைப் பார்த்து இடம் குடுக்க வரேன்னவங்க வராம நின்னுட்டாங்க, அப்பவும் வரல. இப்ப உன் புள்ளைக்கு விலா வலிக்குதுன்னதும் வழி தெரிஞ்சுபோச்சா?"

"ஆமா. அதுக்குத்தான் வந்தேன்," என்றேன்.

கத்தி நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பொய் சொல்லல, அந்த மட்டுக்குச் சந்தோஷம். உன் புருஷனை வரச் சொல்லு. என் வீட்டுக்கு வேண்டாம். எந்த ரூம்ல அத்தனை பசங்க முன்னாடி வெளிய போன்னாரோ, அதே ரூம்ல வான்னு கூப்பிடட்டும். ஒரு வார்த்தை போதும். எம்புள்ள ஓடி வருவான், அந்த மானங்கெட்டவனுக்கு உன் மகன்னா உசுரு." கத்தியை மறுபடி எடுத்தாள். "கறி வேணுமா வேண்டாமா? பின்னாடி ஆளு நிக்கிது."

இவரிடம் சொன்னேன். கத்தவில்லை, கெஞ்சினேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"ஒரு வார்த்தைங்க."

"பொடிப்பய முன்னாடி நான் இறங்கினா நாளைக்கு அந்த ரூம்ல ஒருத்தன் என்னை மதிப்பானா?"

"மதிப்பு பெருசா, புள்ள பெருசா?"

"நீயே பாரு," என்றார். "வர்ற சனிக்கிழமை பாரு."

பார்த்தேன். அடுத்த சுற்று சனிக்கிழமைப் பகல் ஆட்டம், வெளியூர் மைதானம், எதிரணி பொல்லாத அணி. அவர்கள் முழிக்கவில்லை. எங்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒருத்தனை ஒட்டவிட்டார்கள், எவன் மேலேயும் இரண்டு பேரை ஏவத் தேவைப்படவில்லை. மிச்சம் இருந்தவர்களை எல்லாம் டால்டன் மேல் ஏவினார்கள். விழுவான், எழுவான், முழங்கையால் விலாவை அணைத்துக்கொள்வான். எல்லாரும் சமம்தான், ஒருத்தனும் தனியாக இல்லை. டாரியன் வேலி ஓரத்தில் யோலண்டா பக்கத்தில் நின்றிருந்தான். ஒவ்வொரு தடவையும் டால்டன் விழும்போது அவன் தோளும் சேர்ந்து துள்ளியது.

மூன்றாம் கால் பகுதியில் அது நடந்தது. இரண்டு பக்கமும் ஆள் நெருக்க, டால்டன் திரும்பி ஓடி, ஒரு கண நேரம் கிடைத்ததும் வலது மூலைக்கு வீசினான். ஆள் போய்ச் சேருவதற்கு முன்பே பந்தை அந்த இடத்துக்கு அனுப்புவது இந்த ஆட்டத்தில் பெரிய வித்தை, யார் வருவான் என்று மனசுக்குத் தெரிந்தால்தான் கை துணியும். அழகான வீச்சு. அது போய் விழுந்த இடத்தில் வெறும் புல். பத்துக் கஜ தூரத்துக்கு யாருமே இல்லை. எதிர்ப்பக்கக் கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் இரண்டு பேர் என் பிள்ளை மேல் விழுந்தார்கள். இந்தத் தடவை அவன் எழவில்லை.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. நான் போவதற்குள் இவர் மண்டியிட்டிருந்தார். பிள்ளையின் கழுத்தெலும்பு தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இந்த மனுஷன் கேட்டார்: "அங்க யாருடா இருந்தான்? யாருக்குடா போட்ட?"

டால்டன் பல்லைக் கடித்துக்கொண்டு, "டாரியனுக்கு, சார்," என்றான்.

அவனுக்கே அப்போதுதான் புரிந்தது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

ஆம்புலன்ஸைப் புல்தரை வரைக்கும் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர், "அம்மா ஏறுங்க. கூட இன்னும் ஒருத்தர் வரலாம்," என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். இவர் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, துணைக்கோச்சிடம் என்னவோ கைகாட்டிவிட்டு, படியில் ஒரு கால் வைத்தார்.

"நீங்க வேண்டாம் சார்," என்றான் டால்டன். கோபமே இல்லை அந்தக் குரலில், அசந்துபோயிருந்தது. "ஆட்டத்தைப் பாருங்க. என்கூட வர டாரியனைக் கூப்பிடுங்க."

இவர் காலை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். அவர் பக்கம் நான் ஒரு வார்த்தை பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் டால்டன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாரியன் எப்போதோ வேலியைத் தாண்டிவிட்டிருந்தான். யோலண்டா அவன் சட்டையைப் பிடித்திருந்த கையை விடுவதை இங்கிருந்தே பார்த்தேன். கோச்சுக்கு முன்னால் வந்து நின்றான், வழி இல்லாமல். அந்த நிலைமையிலும் அந்தப் பிள்ளை, "கொஞ்சம் நகருங்க சார்," என்றுதான் சொன்னான்.

இவர் நகர்ந்தார். அவன் ஏறினான். கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.