மசக்கைக்கு ஜப்பான் கீரை

சந்தனமேரிக்கு நாலாம் மாதம். சோறு வேகும் வாடை வந்தாலே கொல்லைப்பக்கம் ஓடுவாள். நார்த்தங்காய் ஊறுகாய், பொரிகடலை, கோவில்பட்டி பஜாரெல்லாம் தேடி வாங்கிவந்த மலைப்பழம், எதுவும் வயிற்றில் அரைமணி நேரம் தங்கவில்லை. போன தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. இதுவும் தங்காதோ என்று அவள் புருஷன் ஜேசுதாசனுக்கு உள்ளூர நடுக்கம். மில்லில் ஃபிட்டர் அவன். எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் வழிக்குக் கொண்டுவந்துவிடுகிற மனுஷனுக்கு, கட்டினவள் வயிற்றுக்கு மட்டும் வழி தெரியவில்லை.

கப்பலில் வேலைபார்க்கும் அவளுடைய அண்ணன் தேவஆசீர்வாதம், தூத்துக்குடிக்கு வந்தபோது ஜேசுதாசனிடம் ஒரு விதைப் பாக்கெட்டைக் கொடுத்தான். ஜப்பான் கீரையாம். வயிற்றுக்கு இதமாக இருக்கும், ஒரு மாதத்தில் பறித்துவிடலாம் என்றதோடு சரி. எப்படித் தின்பது என்று அவனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. பாக்கெட்டில் இருந்த எழுத்தோ கோழி கிண்டினது போல இருந்தது.

ஐப்பசி மழையில் கரிசல் மண் காலை விடாமல் அப்பியது. மணலும் சாணிப்பொடியும் கலந்து கொல்லையில் பாத்தி கட்டினான். மழை இல்லாத நாளில் ஊற்றத் தெருக்கிணற்று உப்புத்தண்ணீர் ஆகாது. ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரில் தன் குளியலுக்கான பங்கைக் கீரைக்கு விட்டுவிட்டு, மில்லிலேயே குளித்துக்கொண்டான். இலை ஓரமெல்லாம் பல் பல்லாக, பச்சைப்பசேலென்று கிளம்பிவந்தது கீரை.

முதல் பறிப்பை அவனே சமைத்தான். நம்மூர்க் கீரைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான். பருப்பும் பூண்டும் போட்டு வேகவைத்து, மத்தால் கடைந்து, தாளித்துக் கொட்டினான். தாளிப்பு வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், சந்தனமேரி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கீரைக் கிண்ணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. ஈர மண்ணில் குளம்புத் தடம், பக்கத்தில் புழுக்கை. அடுத்த வீட்டு மெஹருன்னிசா அக்காவின் ஆடுதான், சந்தேகமே இல்லை. ஒரு மாதப் பாடு போயிற்று. ஜேசுதாசனுக்குக் கோபம் தலைக்கேற, வேலிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு புறப்பட்டான்.

சந்தனமேரி வாசலை மறித்தாள்.

“அதை அடிச்சிராதீங்க. பாதி நான்தான் தின்னேன்.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். காலையில் ஆட்டை விரட்டத்தான் போனாளாம். அது நறுக் நறுக்கென்று மெல்லுவதைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு எச்சில் ஊறியதாம். ஒரு இலையைக் கிள்ளி, கழுவி வாயில் போட்டாளாம். வாடையே இல்லை, நாக்கில் லேசாகக் கடுகுக் காரம் மட்டும். அப்புறம் ஆடு அந்தக் கடைசியிலும் இவள் இந்தக் கடைசியிலுமாக உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள்.

கம்பைக் கீழே போட்டான் ஜேசுதாசன்.

“வயித்துல நின்னுச்சாட்டி?” என்றான்.

“நின்னுட்டு” என்றவள், அவன் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். “இப்ப பசிக்குது.”