நகரும் படியை நிறுத்தியவள்

1

இந்தக் கதையின் முதல் வரைவு ஒரு புகார்ப் படிவம். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால் வெட்கக்கேடு எனக்குத்தான்.

விமான நிலையத்தின் முதலுதவி அறையில், வலது மணிக்கட்டில் தற்காலிகக் கட்டோடு உட்கார்ந்து, இடது கையால் கோணல்மாணலாக எழுதினேன். 'பணியில் இருந்த பெண் எந்தக் காரணமும் இல்லாமல் எஸ்கலேட்டரை நிறுத்தியதால் விழுந்தேன்.' முப்பது வருடமாக எழுதுகிறேன். என் எழுத்தில் உடனே பலன் கொடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான். நான்காம் நாள் அவளுக்கு வேலை போயிற்று.

2

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். அழித்தவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

'விமான நிலையம் யாருக்கும் சொந்தமில்லாத ஊர். அங்கே மனிதர்கள்...' (இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

'எஸ்கலேட்டர் விபத்துகளில் சிக்கும் பயணிகளில் பெரும்பாலோர்...' (கணக்குத் தேடி அரை நாள் போனது. எண்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்ததும் விட்டுவிட்டேன்.)

'அன்று காலை எழுந்தபோதே, ஏதோ நடக்கப்போகிறது என்று அவள் மனதுக்கு' (பொய். அவள் மனதுக்கு ஒன்றும் படவில்லை. பேருந்து கிடைக்குமா என்பதுதான் கவலையாக இருந்திருக்கும்.)

அவள் வேலையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

3

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பைகளைச் சோதித்து முடிக்கும் இடத்திலிருந்து மேல்தளத்துக்குப் போகும் எஸ்கலேட்டரின் அடியில், பச்சை மேற்சட்டை போட்டுக்கொண்டு, காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நிற்க வேண்டும். சொல்லவேண்டியது மூன்றே வாக்கியம்.

"கைப்பிடியப் பிடிச்சுக்குங்க. டிராலி இருந்தா லிஃப்ட்ல போங்க. குழந்தைங்கள ஓரத்துல நிக்க விடாதீங்க."

எட்டு வருடமாக இதையே சொன்னதால் அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அவள் 'கைப்பிடி அக்கா'. அவள் சொந்தப் பெயர் வேண்டுமென்றால் வருகைப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான பேர் அவளைக் கடந்து மேலே போவார்கள். பதில் சொல்கிறவர்கள் ஐந்தாறு பேர் தேறுவார்கள். 'தெரியும், தெரியும்' என்று எரிந்து விழுகிறவர்களையும் சேர்த்துத்தான். மற்றவர்களுக்கு அவள் குரல் ஒலிபெருக்கியில் வருவது மாதிரிதான். எங்கிருந்து வருகிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் அவள் எல்லோரையும் பார்ப்பாள். அதுவும் கால்களை. அவிழ்ந்த ஷூ கயிறு, தரையைத் தொடும் துப்பட்டா, முதல் படியில் கால் வைக்கத் தயங்கும் வயதானவர்கள். அவர்களை முழங்கையைப் பிடித்து லிஃப்டுக்குக் கூட்டிப்போவாள். படியின் ஓரத்தில் நீளமாக ஒரு தூரிகை பதித்திருக்கும். ஷூ துடைக்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பலர் காலை அதில் தேய்ப்பார்கள். காலைத் தள்ளி வை என்று சொல்லத்தான் அது அங்கே இருக்கிறது. நகரும் படிக்கும் நகராத பக்கத் தகட்டுக்கும் நடுவே, தூரிகைக்குக் கீழே, விரல்கூட நுழையாத ஓர் இடுக்கு. தோல் செருப்பு அதில் மாட்டாது. மெத்தென்ற ரப்பர் செருப்புதான் ஈரத் துணி மாதிரி வளைந்துகொடுத்து உள்ளே போய்விடும்.

(இந்த இடத்தில் அவளுக்கு ஒரு பூனை வைத்திருந்தேன். வேலை முடிந்து வரும் அவளுக்காக அது ஜன்னலில் உட்கார்ந்திருக்கும். எடுத்துவிட்டேன். தனியாக இருப்பவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பூனை கொடுப்பது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம்.)

தம்பி வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தாள். கீழே டிவி ஓடும், தம்பியும் அவன் மனைவியும் பிள்ளைகளும் சிரிக்கும் சத்தம் கேட்கும். அவள் படியிறங்கி வந்தால் சத்தம் கொஞ்சம் குறையும். "வாக்கா, சாப்பிட்டியா?" என்பான் தம்பி. "ஆச்சுப்பா" என்பாள். அதற்குமேல் பேச்சு ஓடாது. தம்பி நல்லவன், அவன் மனைவியும் நல்லவள். நல்லவர்களுக்கு நடுவே தனியாக இருப்பதில் உள்ள கஷ்டம், யார்மேலும் பழி போட முடியாது என்பதுதான்.

4

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. தோளில் கைக்குழந்தையும் ஒரு கையில் பெரிய இழுபெட்டியுமாக ஒரு தாய் ஓடிவந்தாள். பின்னால் மஞ்சள் ரப்பர் செருப்பு போட்ட ஐந்து வயதுப் பெண்.

"லிஃப்ட்ல போங்கம்மா."

"நேரமில்லைங்க. கடைசி அழைப்பு விட்டுட்டாங்க."

ஏறிவிட்டார்கள். பெட்டி நடுவில் நின்றதால் குழந்தை ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. தூரிகையில் காலைத் தேய்த்துக்கொண்டே போனது. ஆறேழு படி மேலே போனதும் அது சொன்னது. அலறவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னது.

"அம்மா, செருப்பு வரமாட்டேங்குது."

தாய்க்குக் கேட்கவில்லை. கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. அடியில் நின்றவளுக்குக் கேட்டது. எட்டு வருடமாக யாருடைய பதிலுக்காகவோ காதைத் தீட்டிக்கொண்டு நின்றவள் அல்லவா.

சிவப்புப் பொத்தான் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அழுத்தினால் மேலே நிற்பவர்கள் முன்னால் தள்ளாடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: முதலில் குரல் கொடு, பிறகு அழுத்து. "நிறுத்தப்போறேன், எல்லாரும் பிடிச்சுக்குங்க" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அன்று, அந்த எட்டு வருடத்தில் முதல்முறையாக, படியில் இருந்த அத்தனை பேரும் கைப்பிடியைப் பிடித்தார்கள்.

ஒருவன் பிடிக்கவில்லை. காதில் பாட்டு, ஒரு கையில் போன், மறு கையில் பை. நகர்கிற படியில் நிற்கப் பொறுமையில்லாமல் அவன் மேலே நடந்துகொண்டிருந்தான். (அவன் யாரென்று உங்களுக்குத் தெரியும். நகரும் படியில் நடப்பதால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பின்னொரு நாள் கணக்குப் போட்டேன். பத்து விநாடி.)

அழுத்தினாள். படி குலுங்கி நின்றது. நான்கு எட்டில் ஓடிப்போய், குழந்தையின் குதிகாலைப் பிடித்து இழுத்தாள். கால் செருப்போடு வந்துவிட்டது. செருப்பின் ஓரத்தில் மட்டும் யாரோ கடித்து எடுத்ததுபோல் ஒரு துண்டைக் காணோம். கட்டைவிரல் சிவந்திருந்தது. விரல் அங்கே இருந்தது, அதுதான் முக்கியம்.

"ஓரமா நிக்காதேன்னு சொன்னா கேக்கறியா நீ?" என்று தாய் குழந்தையின் முதுகில் ஒன்று வைத்து, மறு கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நின்றுபோன படிகளில் ஏறி ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். கடைசி அழைப்பு.

அவர்கள் பின்னால் ஓடிப் பெயர் கேட்க வேண்டும் என்று கைப்பிடி அக்காவுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் மேலே ஒருவன் விழுந்து கிடந்தான். அவனிடம் போனாள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, "அசையாதீங்க, டாக்டர் வர்றாரு" என்றாள்.

அவன் அவளைக் கண்டபடி திட்டினான். என்னென்ன வார்த்தை என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். அவளுக்குக் கேட்டது போதும்.

5

பாதுகாப்பு அதிகாரியின் அறையில் அவளை நிற்கவைத்துத்தான் விசாரித்தார்கள். (அவரை முதலில் முரடராக எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் பழி முழுக்க அவர்மேல் போய்விடும், நான் தப்பித்துவிடுவேன். அவர் சாதாரண மனிதர். மேஜையில் என் புகார் இருந்தது, அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.)

"கேமராவுல குழந்தையே தெரியலையேம்மா. ஒரு பெட்டிதான் தெரியுது."

"பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு சார்."

"அந்தம்மா பேரு? எந்த விமானம்?"

"கேக்கலைங்க சார். விழுந்தவரப் பாக்கப் போயிட்டேன்."

"அப்ப உன் பேச்சைத் தவிர எதுவும் இல்லை."

"பக்கத் தகட்டக் கழட்டிப் பாருங்க சார். செருப்புத் துண்டு உள்ளதான் இருக்கும்."

"அதுக்கு எஸ்கலேட்டர அரை நாள் நிறுத்தணும். நிறுத்தினதுக்குத்தானே இந்த விசாரணையே. அடுத்த பராமரிப்பு மூணு வாரம் கழிச்சு. அப்ப பாக்கலாம்."

மூன்று வாரம் காத்திருக்க, அவளை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரருக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவள் மேற்சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். தம்பி வீட்டில் சொல்லவில்லை. மறுநாளும் ஐந்து மணிக்கே கிளம்பினாள்.

6

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்க வேண்டும். பாதி நானாக நிரப்பியது. மீதி மெக்கானிக் சொன்னது.

இரண்டு மாதம் கழித்து அதே வழியாகப் பயணம். எஸ்கலேட்டரின் அடியில் யாரும் இல்லை. ஓர் அறிவிப்புப் பலகை நின்றது. பக்கத்தில் கருவிப்பெட்டியை மூடிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம், "இங்க ஒரு அம்மா நிப்பாங்களே?" என்று கேட்டேன்.

"கைப்பிடி அக்காவா? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க சார். ஆனா மூணு வாரம் தினமும் வந்தாங்க. உள்ள விடமாட்டாங்களே, வெளி வாசல்ல நின்னு எனக்கு போன் பண்ணுவாங்க. 'தம்பி, தகட்டக் கழட்டியாச்சா?'ன்னு."

"கழட்டினீங்களா?"

"கழட்டினேன். இருந்துச்சு சார், மஞ்ச ரப்பர், இத்தனூண்டு." கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். "கூப்பிட்டுக் காட்டினோம். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அதிகாரியே, 'தப்பா நினைக்காதேம்மா, நாளைக்கே வந்து சேரு'ன்னாரு. 'யோசிச்சுச் சொல்றேன் சார்'னுட்டுப் போயிட்டாங்க. இன்னும் சொல்லலை."

"ஏன்?"

"யாருக்குத் தெரியும்? போகும்போது ஒண்ணுதான் கேட்டாங்க. அந்த விழுந்த ஆளு எப்படி இருக்காருன்னு. எனக்கென்ன தெரியும் சார்?"

அவளுடைய எண் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். மாவுக்கட்டு பிரித்த இடம் இன்னும் வெளுத்து, மெலிந்து இருந்தது. ஒரு சீட்டில் எண்ணை எழுதி, என் கையில் கொடுக்காமல், கைப்பிடியின் மேல் வைத்துவிட்டுப் போனார். அது நகர்ந்து போகுமுன் ஓடிப் பிடித்தேன்.

7

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

அவள் வேலைக்குத் திரும்புகிறாள். ஒரு குழந்தை அவளுக்குக் கையசைக்கிறது. (வேண்டாம்.)

அந்தத் தாய் எப்படியோ விஷயம் தெரிந்து, பெண்ணைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டு மாடிக்கு வருகிறாள். (எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.)

அவள் இன்னும் தினமும் ஐந்து மணிக்குக் கிளம்பி, போக ஓர் இடமில்லாமல், பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து (முடிக்க முடியவில்லை.)

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். நாலாவது முறை மணி அடித்தபோது எடுத்தாள். அந்தக் குரலைக் காதுகொடுத்துக் கேட்டது அன்றுதான். நான் யாரென்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டு நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதில் முதல் வரியைக்கூடப் படிக்கவில்லை. அவள்தான் பேசினாள்.

"நீங்களே கூப்பிட்டது நல்லதாப் போச்சுங்க. யாரைக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன். உங்க மக அன்னிக்கு அங்க தனியா காத்துக்கிட்டு இருந்துச்சாமே. நீங்க எழுதினதப் படிச்சுக் காட்டினாங்க. அப்புறம் யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போனாங்களா? ரொம்ப பயந்துடுச்சா? அது தெரியாம மறுபடி அந்தப் பொத்தான் பக்கத்துல போய் நிக்க மனசு வரலைங்க."

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: 'இந்நிகழ்வால் ஏற்பட்ட பாதிப்பு.' மணிக்கட்டு முறிந்ததை எழுதினேன். கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது. 'போய்ச் சேரும் இடத்தில் என் மகள் பல மணி நேரம் தனியாகக் காத்திருந்தாள்' என்று சேர்த்தேன். எனக்கு மகள் இல்லை. மனைவியும் இல்லை. அன்று அந்தப் பக்கத்தில் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் போய்ச் சேரவில்லை என்பதே யாருக்கும் தெரியாது.

அந்த இல்லாத பெண்ணை நினைத்துத்தான் இவள், கூப்பிட்ட பிறகும், வேலைக்குத் திரும்பாமல் இருக்கிறாள்.

'பயப்படலைம்மா, நல்லா இருக்கா' என்று சொன்னால் அவளுக்கு நிம்மதி, பொய்க்கு ஒரு முழு ஆயுள். 'அப்படி யாரும் இல்லை' என்று சொன்னால் அது உண்மை. ஆனால் யாரும் இல்லாத ஒருவனின் ஒரு வரிக்காகத் தன் வேலை போயிற்று என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாத ஆட்களை உண்டாக்கியே பழகிப்போனவன் நான். இந்த ஒரு வாக்கியத்தை என்னை நம்பி விடாதீர்கள். நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"