திறக்காதே

கேக் ஆலையின் அடுப்புப் பிரிவில் அவருக்குப் பதினோரு வருட அனுபவம். அவர் மனைவி அதே கூடத்தில் பெட்டி மடிக்கும் மேஜையில் வேலை பார்த்தாள். ஸ்பானிஷ் மட்டுமே பேசும் ஆறு பேர் புதிதாகச் சேர்ந்ததும், பழைய ஆட்கள் அந்த மொழியைக் கற்கட்டும் என்று நிர்வாகம் சாப்பாட்டு அறையில் மாலை வகுப்பு வைத்தது. இருவரும் சேர்ந்தார்கள்.

மூன்றாம் வாரமே மனைவி முந்திவிட்டாள். டீச்சர் எதைக் கேட்டாலும் முதல் பதில் அவளுடையதுதான். போதாததற்கு, புதியவர்களில் ஒருவனான சுருட்டைமுடிக்காரன் இடைவேளையில் அவள் மேஜைக்கே வந்து பேசினான். அவளும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். அவருக்கு வயிறு எரிந்தது.

அந்த வாரம் 'செய்யாதே' என்று சொல்லும் பாடம். வினைச்சொல் 'ஆர்' என்று முடிந்தால் அதை எடுத்துவிட்டு 'எஸ்' போட வேண்டும். 'ஏர்', 'ஈர்' என்று முடிந்தால் 'ஆஸ்'. முன்னால் ஒரு 'நோ'. அவர் தடுமாறுவதைக் கண்டு மனைவி வீட்டில் சொல்லித்தர வந்தாள்.

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு" என்றுவிட்டார்.

மறுநாள் கேக் பாதி வெந்திருந்தபோது சுருட்டைமுடிக்காரன் அடுப்புக் கதவில் கை வைத்தான். திறப்பதற்கு ஸ்பானிஷில் 'ஆப்ரீர்'. திறக்காதே என்று சொல்ல நினைத்து அவர், "நோ ஆப்ரெ" என்றார். அதற்குப் பொருள், 'இது திறப்பதில்லை' என்பது. கதவு சிக்கிக்கொண்டதாக்கும் என்று அவன் இரண்டு கையாலும் பலமாக இழுத்துத் திறந்தான். அறுபது கேக்குகளும் நடுவில் குழி விழுந்து அமுங்கின. அவன் அடுத்த அடுப்பின் கதவிலும் கை வைத்தபோது மனைவி, "நோ ஆப்ராஸ்" என்று குரல் கொடுத்தாள். அவன் சட்டென்று கையை எடுத்தான்.

அவருக்கு நன்றி வரவில்லை, கடுப்புத்தான் வந்தது. மேற்பார்வையாளர் வேறு, அவளை ஒரு வாரம் அடுப்புப் பக்கமே நின்று புதியவர்களுக்குச் சொல்லித்தரச் சொன்னார்.

இரண்டாம் நாள் வீடு திரும்பும் பஸ்ஸில் அவரே வாயைத் திறந்தார்.

"பேசறதுக்கு என்ன வார்த்தை?"

"ஆப்லார்."

மனதுக்குள் ஒருமுறை மாற்றிப் பார்த்துக்கொண்டார். "அப்போ பேசாதேன்னா, நோ ஆப்லெஸ்."

"ரொம்பச் சரி. யார்கிட்டச் சொல்லப் போறீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவன் பொண்டாட்டி அடுத்த மாசம் வராளாம். அவளுக்கு இங்க வேலை கிடைக்குமான்னுதான் தினமும் விசாரிக்கிறான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவருக்குப் பாதி பாரம் இறங்கியது. அவள் தன்னைவிட நன்றாகப் பேசுகிறாள் என்ற மீதிப் பாதி அப்படியே இருந்தது. அதற்கு, வகுப்புக்கு ஒழுங்காகப் போவதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.