மூன்று பேருக்கு மேல்

மேலாளர் அறைக்குள் நுழையும்போதே பூச்சிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாயில்லாப்பூச்சி என்று வைத்த பெயர் கூட்டாளிகள் வாயில் தேய்ந்து பூச்சியாகி இருந்தது.

அந்த வணிக வளாகத்தில் தரை துடைப்பது அவள் அம்மாவின் வேலை. எட்டு மணிக்குத்தான் முடியும். பூட்டிய வீட்டுக்கு மகளைத் தனியே அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. அதனால் பள்ளி விட்டதும் பூச்சி மூன்றாவது மாடி பெஞ்சில் காத்திருப்பாள். நாளடைவில் இன்னும் பத்துப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். சிரிப்பும் கூச்சலும் ஏறின. கடைக்காரர்கள் புகார்மேல் புகார் கொடுத்தார்கள். நான்கு மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாத பிள்ளைகளுக்கு அனுமதியில்லை என்று அறிவிப்பு தயாராகிவிட்டது. ஒட்டுவதற்கு முன் பேசிப் பார்ப்போம் என்று மேலாளர் பதினோரு பேரையும் அழைத்திருந்தார். ஒட்டிவிட்டால் எட்டு மணி வரை பூச்சிக்கு நடுத்தெருதான்.

பதினோரு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. உட்கார்ந்தது மூன்று பேர். பூச்சி, பக்கத்து வீட்டு அண்ணன், ரேடியோ என்று பேரெடுத்த வாயாடிப் பெண். பத்து நிமிடம் போயிற்று. ரேடியோவுக்கே அன்று பாட்டரி தீர்ந்திருந்தது.

"பதினோரு பேர வரச் சொன்னேன். வந்தது மூணு. உங்க அக்கறை தெரியுது" என்றார் மேலாளர். அறிவிப்பை இழுத்து வைத்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

அண்ணன் ரேடியோவைப் பார்த்தான். ரேடியோ தரையைப் பார்த்தாள். பேனா தாளைத் தொட்டது.

"எல்லாரும் வந்திருக்காங்க சார்."

சொன்னது தானா என்று பூச்சிக்கே சந்தேகம்.

"வாசல்ல நிக்கிறாங்க. பசங்க மூணு பேருக்கு மேல சேர்ந்து நடக்கக் கூடாதுன்னு நீங்கதான சட்டம் போட்டீங்க. நாங்க கீழ போனாத்தான் அடுத்த மூணு பேரு வருவாங்க."

மேலாளர் வயர்லெஸ்ஸை எடுத்தார். வாசல் காவலாளியின் குரல் பெருமையோடு வந்தது. எட்டுப் பேரை மடக்கி வைத்திருக்கிறாராம், ஒரு ஈ கூட உள்ளே போகவில்லையாம்.

மேலாளரின் காது மடல் சிவந்தது. கோபமா வெட்கமா என்று பூச்சிக்குத் தெரியவில்லை.

"மேல அனுப்புங்க."

"எட்டுப் பேரையுமா சார்? ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான்."

நாற்காலிகள் நிறைந்தன. பேச்சு ஒன்றும் தேன் ஒழுகவில்லை. கடை வாசலை மறிப்பதை மேலாளர் சொன்னார். காவலாளிகள் சட்டையைப் பிடித்து இழுப்பதை அண்ணன் சொன்னான். நகரும் படியில் எதிர்த்து ஓடியது தான்தான் என்று ரேடியோ ஒப்புக்கொண்டாள். கடைசியில் மூவர் சட்டம் போயிற்று, காவலாளிகளின் கையும் அடங்க வேண்டும் என்றாயிற்று. பிள்ளைகள் ஓடக் கூடாது, கடை வாசலில் நிற்கக் கூடாது. அறிவிப்பை மேலாளர் கிழிக்கவில்லை. மேசை இழுப்பறையில் போட்டார்.

"ஒரு மாசம் பாக்கிறேன். ஒரு புகார் வந்தாலும் இது வாசல் கண்ணாடியில ஏறிடும்."

எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். பூச்சி மட்டும் நின்றாள்.

"இன்னிக்கே உக்காரலாமா சார், இல்ல நாளைலேருந்தா?"

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை.

"இன்னிக்கே" என்றார்.

மூன்றாவது மாடியில் அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கண்ணாலேயே என்னவென்று கேட்டாள். பூச்சி பெஞ்சின் ஓரத்தில், எழச் சொன்னால் உடனே எழுவதற்குத் தோதாக, உட்கார்ந்தாள்.