ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றி

ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்பார்கள். இந்த நகரத்தில் ஓசியில் பார்க்கக்கூடிய எதையும் நான் விட்டுவைக்கவில்லை. அருங்காட்சியகம், ஓவியக்கூடம், பெரிய நூலகத்தின் மொட்டைமாடி, ஆற்றங்கரைப் பூங்கா, எல்லாம் நடராஜா சர்வீஸ்தான். ஓர் இடம் நல்ல இடமா என்பதை நான் அங்கிருக்கும் பெஞ்சை வைத்துச் சொல்வேன். சாய்ந்து உட்கார வேண்டும், கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும், காவலாளி விரட்டக் கூடாது. அதற்கப்புறம் உள்ளே எந்த ராஜாவின் வாள் இருந்தால் எனக்கென்ன?

ஊர் பார்க்கும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. துணிக்கடையின் மேல்மாடியில் ஆல்டரேஷன் வேலை. வாரம் முழுக்க யார் யாருடைய பேன்ட்டுக்கோ கால் நீளம் குறைக்கிறேன். தங்கியிருப்பது இரண்டு கட்டில் போட்ட ஓர் அறை. இன்னொரு கட்டில், என்னோடு வேலை செய்யும், சட்டைக்குப் பொத்தான் துளை தைக்கும் காஜாக்காரியுடையது. அவள் புருஷனுக்கு வெளியூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவான். சிவபூஜையில் கரடியாக நான் எதற்கு? அவன் செருப்பு வாசலில் தெரிவதற்குள் கிளம்பிவிடுவேன். அவள் ஒருநாளும் என்னைப் போகச் சொன்னதில்லை. டப்பாவில் சாப்பாடு மட்டும் கட்டி வைத்திருப்பாள். இருட்டிய பிறகு திரும்புவேன்.

இதைச் சொன்னால் அண்ணன் வருத்தப்படுவான். அதனால் வாராவாரம் யாரிடமாவது போனைக் கொடுத்து ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவேன். முப்பத்திரண்டு பல்லும் தெரியும் சிரிப்பு. ‘கொடுத்து வைத்தவள்’ என்று அண்ணி பதில் போடுவாள். அண்ணன் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் எங்களுக்குப் பாப்பாதான். அவள் இதயமாக அனுப்பித் தள்ளுவாள்.

ஒரு வருஷம் என்று சொல்லித்தான் வந்தேன். முடிந்துவிட்டது. இருக்கிறேனா போகிறேனா என்று நாளைக்கு சூப்பர்வைசரிடம் சொல்லியாக வேண்டும். போகத்தான் ஆசை. வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்க வேண்டும். ஆனால் நானாகப் போய் நிற்க ரோஷம் விடவில்லை. அண்ணன் வாயால் ‘வந்துடு’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும்.

அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே ஒரு நல்ல பெஞ்சு. அதில் உட்கார்ந்து அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

“என்னம்மா, இன்னைக்கு எந்தப் பக்கம்?”

“மியூசியம்ணா.”

“கால்ல சக்கரம்தான் உனக்கு.”

“அண்ணா, எனக்கு இங்க வருஷம் முடிஞ்சிடுச்சு.”

“தெரியும். நானே பேசணும்னு இருந்தேன். நீ அங்கயே இரு. கல்யாணம் கில்யாணம்னு உன் உயிரை வாங்கினது போதும், இனிமே யாரும் உன்னை வா வான்னு கூப்பிடக் கூடாதுன்னு அண்ணிகிட்ட சொல்லிட்டேன். நீ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லம்மா.”

வெறுப்பில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் பாசத்தில் சொன்னான்.

“என் ரூம்...” என்றேன்.

“பாப்பா எடுத்துக்கிட்டா. நீதான் வரப்போறதில்லையே. சுவர் பூரா உன் படத்தைத்தான் ஒட்டி வெச்சிருக்கா. இரு, அவகிட்ட குடுக்கறேன்.”

“அத்தை, கதவுக்கு மேல மட்டும் காலியா இருக்கு. இன்னைக்குப் பெருசா எது பக்கத்துலயாவது நின்னு அனுப்புங்க.”

“சரிடா கண்ணு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் அழுதேன். இங்கே தெரிந்தவர் யாரும் இல்லாததில் அது ஒன்றுதான் வசதி. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, காவலாளியிடம் போனை நீட்டினேன்.

“திமிங்கலம் முழுசா வரணும் சார்.”

அவர் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். படத்தில் நான் நகத்தளவுதான் விழுந்திருந்தேன். அப்படியும் பெரிதாக்கிப் பார்த்தால் கண் சிவந்திருந்தது தெரிந்தது. பாப்பா கண்டுபிடித்துவிடுவாள்.

இன்னொன்று எடுக்கச் சொல்லி, நன்றாகச் சிரித்தேன்.